எண்ணூரிலிருந்து ஒரு கேள்வி: தண்ணீரைப் படிக்க எங்கே சேர்வது?

கேள்வி: நான் எண்ணூரில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கணிதம், உயிரியல் இரண்டும் சேர்ந்த பிரிவு. நீர், சுற்றுச்சூழல் சம்பந்தமாகப் படிக்க ஆசை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டு அடிபம்பு. அடிக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்கிறது. குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் காலையில் பழுப்பாகி, அடியில் துரு போல ஏதோ படிந்துவிடுகிறது. அதில் டீ போட்டால் கறுத்துப் போகிறது. யாரைக் கேட்டாலும் "இந்தப் பக்கத்துத் தண்ணீரே அப்படித்தான்" என்கிறார்கள். என் தாத்தா முகத்துவாரத்தில் இறால் பிடித்தவர். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது சுருட்டிய வலையை அவர் பிறகு பிரிக்கவேயில்லை. ஒரு தனியார் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியலும் நீர் மேலாண்மையும் சேர்ந்த மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு மேல். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைக்கும் போலிருக்கிறது. அப்பா டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். "சாக்கடையைக் கிளறவா பெண்ணைப் படிக்க வைக்கிறேன்?" என்று கேட்கிறார். மாமா கணினி அறிவியல் எடுக்கச் சொல்கிறார். நான் எதைப் படிக்கட்டும் மேடம்? படித்தால் எங்கள் ஊருக்கு ஏதாவது செய்ய முடியுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

- ஒரு மாணவி, எண்ணூர்

பதில்:

அன்பு மகளுக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பேசலாம். அந்தத் தனியார் கல்லூரிக்கு லட்சத்தைக் கொண்டுபோய்க் கட்டாதே. பொறியியல் கலந்தாய்வில் நல்ல கல்லூரியில் சிவில் அல்லது கெமிக்கல் கிடைத்தால் எடு. பொன்னேரியில் இருக்கும் மீன்வளக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடு. இரண்டும் கைகூடாவிட்டால், அரசுக் கல்லூரியின் வேதியியல் வகுப்பில் எந்த மனக்குறையும் இல்லாமல் போய் உட்கார். 'சுற்றுச்சூழல்' என்ற பெயர் உன் முதுகலைப் பட்டத்தில் வரட்டும். இளங்கலையில் வேண்டாம்.

இனி உன் குடத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரிகள் அவை. பிடிக்கும்போது தெளிவு, காலையில் பழுப்பு என்று இரண்டு நேரங்களையும் கவனித்து எழுதியிருக்கிறாய். வழக்கமாக என்னிடம் வருகிறவர்கள் "தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வரும்போதே பழுப்பாக வந்தால், பழைய வார்ப்பிரும்புக் குழாயின் துருவைச் சந்தேகிக்கலாம். தெளிவாக வந்து, காற்றுப் பட்ட பிறகு நிறம் மாறினால் கதையே வேறு. பூமிக்கு அடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு ஃபெரஸ் வடிவில் தண்ணீரில் கரைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்ததும் ஃபெரிக் ஆகிவிடும். அது கரையாது. பழுப்புத் துகளாகப் பிரிந்து குடத்தின் அடியில் படியும். டீ கறுப்பதும் அதே இரும்பின் வேலைதான். தேயிலையில் இருக்கும் டானினும் இரும்பும் சேர்ந்தால் கிடைப்பது கிட்டத்தட்ட மை. அந்தக் காலத்தில் எழுதும் மையையே இப்படித்தான் தயாரித்தார்கள்.

இதுவரை வேதியியல். இரும்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து, எத்தனை மில்லிகிராம் என்று அளந்தும் சொல்லிவிடலாம். ஆனால் தொழில் தெரிந்தவர் அங்கே நிறுத்தமாட்டார். கீழே ஆக்சிஜன் ஏன் இல்லாமல் போனது என்று அடுத்ததாகக் கேட்பார். உங்கள் பக்கம் பழைய உப்பங்கழிச் சேறும் கருங்களியும் நிறைந்த நிலம். அதில் மட்கிக்கிடக்கும் இலைதழையே ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கலாம். அப்படியானால் இது இயற்கை, நூறு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் இருந்திருக்கும். அல்லது பக்கத்தில் கழிவுநீர் கசிந்து, அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உறிஞ்சியிருக்கலாம். இரண்டிலும் குடத்துத் தண்ணீர் ஒரே மாதிரிதான் பழுப்பாகும். ஆனால் இரண்டாவது காரணம் என்றால் நான் இரும்பைப் பற்றிக் கவலைப்படவே மாட்டேன், அமோனியாவையும் கிருமியையும் தேடுவேன். "இந்தப் பக்கத்துத் தண்ணீரே அப்படித்தான்" என்கிறார்களே, அதில் பாதி உண்மை இருக்கலாம். எந்தப் பாதி என்று சொல்லத் தெரிவதற்குத்தான் படிப்பு.

இன்னொன்று. வட சென்னையில் அடிபம்பு என்றால் இரண்டு வகை என்பது உனக்கே தெரியும். ஒன்று நிலத்தில் இறக்கியது. மற்றது தெருவில் போகும் மெட்ரோ வாட்டர் குழாயில் இணைத்தது. உன் கடிதத்தில் எது என்று இல்லை. குழாயில் இணைத்ததென்றால் அந்தத் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அழுத்தம் குறைந்த நேரத்தில் பம்பை அடித்தால் அது குழாயை உறிஞ்சும். பக்கத்துச் சாக்கடையை ஒட்டி எங்காவது இணைப்பு விட்டிருந்தால், வெளியில் தேங்கி நிற்பதும் உள்ளே வரும். ஆகவே வேதியியல் மட்டும் தெரிந்தவருக்கு இந்தப் பம்பு பாதிதான் புரியும். குழாய் எப்படிப் போகிறது, அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரிந்தவர் சிவில் பொறியாளர். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் புவியியல் படித்தவர், அதாவது பாறையும் மண்ணும் படிக்கும் ஜியாலஜி. கிருமியை எண்ணுகிறவர் நுண்ணுயிரியல் படித்தவர். நீர் அறிவியல் என்று தனியாக ஒரு துறை வானத்திலிருந்து குதிக்கவில்லை. இவர்கள் எல்லாரும் ஒரே குடத்தைச் சுற்றி உட்காரும்போது உருவாவதுதான் அது.

அதனால்தான் இளங்கலையில் அந்தப் பெயர் வேண்டாம் என்கிறேன். மூன்று ஆண்டுகளில் வேதியியலில் கொஞ்சம், உயிரியலில் கொஞ்சம், சட்டத்தில் கொஞ்சம், மேலாண்மையில் கொஞ்சம் என்று தொட்டுக்கொண்டு வெளியே வரும் பிள்ளைகளை நான் நேர்முகத் தேர்வுகளில் பார்க்கிறேன். நிலைத்த வளர்ச்சி பற்றி அழகாகப் பேசுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லச் சொன்னால் கை நடுங்குகிறது. சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழுந்து, மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் அந்த ஒரு சொட்டில் நிறுத்தத் தெரிய வேண்டும். அது பேச்சில் வராது, பியூரெட் என்ற அளவுக் குழாயைப் பிடித்துப் பிடித்துத்தான் வரும்.

வேலைக்கான தகுதியிலும் இதே கதைதான். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் விஞ்ஞானி பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அதில் நீர் வேதியியல் பணிக்குக் கேட்பது வேதியியல், பயன்பாட்டு வேதியியல், பகுப்பாய்வு வேதியியல் ஆகியவற்றில் ஒரு முதுகலைப் பட்டம். நிலத்தடி நீரியல் பணிக்கு ஜியாலஜி அல்லது நிலத்தடி நீரியல் சார்ந்த முதுகலை. கவர்ச்சியான பெயர் கொண்ட பட்டத்தோடு போனால் விண்ணப்பப் படிவத்திலேயே நின்றுவிடுவாய். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மெட்ரோ வாட்டர், குடிநீர் வடிகால் வாரியம் எதுவாக இருந்தாலும் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, கல்வித் தகுதி என்ற வரியைப் படித்துவிட்டுப் பிறகு பட்டத்தைத் தேர்ந்தெடு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேதியியல் முடித்தவருக்குச் சுற்றுச்சூழல் முதுகலைக் கதவும் திறந்திருக்கும், வேதியியல் முதுகலைக் கதவும் திறந்திருக்கும். மறுபக்கத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு கதவு சாத்தியிருக்கும்.

பொறியியலை ஏன் முதலில் சொன்னேன்? நீ கணிதம் எடுத்திருக்கிறாய், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு. 2021 முதல் அது பொறியியலுக்கும் மீன்வளத்துக்கும் வந்துவிட்டது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உன் கட் ஆஃப் எவ்வளவு என்று நீ எழுதவில்லை. கலந்தாய்வில் பெயரைப் பதியாமல் மட்டும் விட்டுவிடாதே. சிவில் முடித்தால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்திலோ நீர்வள மையத்திலோ முதுகலைப் பொறியியல் படிக்கலாம். அதற்கான கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்ற தனித் தாளே 2021 முதல் இருக்கிறது. வேதியியல்தான் கிடைத்தது என்றாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கு வரும். அதில் பஸ் செலவுபோக மீதியைப் புத்தகத்துக்கு வைத்துக்கொள்.

பொன்னேரியை நான் சொன்னது உன் தாத்தாவுக்காக. மீன்வளப் பட்டம் என்றால் மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது என்று நினைக்கிறார்கள். அங்கே நீர்ச் சூழல் மேலாண்மை ஒரு முழுத் துறை. உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், சேற்றின் தன்மை, மிதவை உயிர்கள் என்று முகத்துவாரத்தையே பாடமாகப் படிக்கலாம். எண்ணூரிலிருந்து ரயிலில் போய் வரும் தூரம்தான்.

இப்போது ஜியாலஜியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் உன் வயதில் யாரும் இந்தப் பாடத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. உன் வீட்டுக்கு வடக்கே மீஞ்சூர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலுக்குள் நல்ல தண்ணீர் ஏராளமாக இருந்தது. 1960-களில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு அந்தப் படுகையை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் அமைத்தார்கள். சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் போயிற்று, விவசாயிகளும் மோட்டார் போட்டு இறைத்தார்கள். கடற்கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். உப்புநீரின் அடர்த்தி சற்றே அதிகம், அதனால் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவிடப் பார்க்கும். மீஞ்சூரில் அதுதான் நடந்தது. கடல்நீர் நிலத்தடியில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. பிறகு 2010-இல் அதே பகுதியில், காட்டுப்பள்ளிக் கரையில், நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. வட சென்னையில் பல வீடுகள் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன. மண்ணுக்குள் இலவசமாகக் கிடந்த தண்ணீரை உப்பாக்கிவிட்டு, மின்சாரம் செலவழித்துக் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. மாநிலக் கல்லூரியில் ஜியாலஜி இளங்கலை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் முதுகலை இருக்கிறது. வேதியியல் இடத்தோடு இதுவும் கிடைத்தால் ஒரு வாரம் யோசி, உடனே ஒதுக்கிவிடாதே.

அடுத்த பத்தியை அப்பாவிடம் நீயே படித்துக் காட்டு.

ஐயா, சாக்கடையைக் கிளறவா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் என்ன பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. இந்த நகரத்தில் சாக்கடைக்குள் மனிதர்களை இறக்கி எத்தனையோ உயிர்களைப் பலிகொடுத்திருக்கிறோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்த பிறகும் செய்தி வருவது நிற்கவில்லை. உங்கள் மகள் செய்யப்போவது அந்த வேலை அல்ல. அந்த வேலையே இல்லாமல் போக வேண்டுமானால் அவரைப் போன்றவர்கள்தான் படித்துவிட்டு வர வேண்டும். மணலிப் பக்கம் லாரி ஓட்டியிருப்பீர்கள். அங்கே தொழிற்சாலைகளில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கொடுங்கையூரிலிருந்து. நகரத்தின் சாக்கடையை முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்து, பிறகு மிக நுண்ணிய வடிகட்டிகளிலும் ஆர்.ஓ. சவ்விலும் செலுத்தி, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் தயாரிக்கும் நிலையம் 2019 முதல் அங்கே இயங்குகிறது. அந்தச் சாக்கடைச் சேற்றிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரமும் தயாரிக்கிறார்கள். ஒரு நாள் வெளியிலிருந்தாவது பாருங்கள். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் தொழிற்சாலைகள் அந்த அளவுக்குப் புழல் ஏரியில் கை வைத்திருக்கும், உங்கள் தெருவுக்கு வரும் லாரித் தண்ணீர் இன்னும் குறைந்திருக்கும். அங்கே கட்டுப்பாட்டு அறையிலும் ஆய்வகத்திலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். நாற்றம் இருக்கும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மீன் சந்தையிலும் இருக்கிறது, ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது.

மகளே, மாமா சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. சம்பளம் என்று பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. தனியார் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் வேதியியல் பட்டதாரிக்கு முதல் சம்பளம் மாதம் 20,000 ரூபாயை எட்டாமலும் போகலாம். முதுகலை முடித்து, நான்கைந்து வருஷம் அனுபவம் சேர்ந்த பிறகுதான் மேலே ஏறும். அரசு அறிவிப்புகள் வருஷா வருஷம் வருவதில்லை, வரும் வரைக்கும் வயிறு காத்திருக்காது. குடும்பத்துக்கு மூன்றே வருஷத்தில் உன் வருமானம் தேவை என்றால் வீட்டில் இதை வெளிப்படையாகப் பேசிவிடு. நீ எந்தப் பாடத்தில் சேர்ந்தாலும் கணினியை மட்டும் விடாதே. இன்று நிலத்தடி நீர் வேலை பாதிக்கு மேல் வரைபடமும் எண்ணும்தான். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் இலவசம். பைத்தான் கற்றுக்கொள்ள ஒரு பழைய மடிக்கணினி போதும். புள்ளியியலில் ஒரு தாள் விருப்பப் பாடமாக வந்தால் யார் என்ன சொன்னாலும் எடு. எல்லாக் கல்லூரியிலும் கட்டாயமாக இருக்கும் சுற்றுச்சூழல் கல்வித் தாளை நம்பி உட்காராதே. அது நல்ல எண்ணத்தில் வந்தது, பல இடங்களில் போஸ்டர் ஒட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் ஊருக்கு ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் உன் கடிதத்தின் கனமான கேள்வி. அதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க உன் பட்டம் தேவையில்லை, உன் தாத்தாவின் துடுப்புக்கே தெரியும். எண்ணெய் வந்ததையும் ஊரே பார்த்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த இரவில் எல்லோருக்கும் கண் எரிந்தது. தெரிந்ததை நிரூபிக்கும் இடத்தில்தான் ஊர் தோற்கிறது. நீ படித்தால் அந்த இடத்தில் பயன்படுவாய்.

எப்படி என்று சொல்கிறேன். கழிமுகத்தில் கடல் ஏற்றத்தின்போது எடுத்த நீர் மாதிரி கடலைத்தான் காட்டும், வற்றத்தின்போது எடுத்தது ஆற்றைக் காட்டும். ஒரே இடம், ஒரே நாள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு வேறு தண்ணீர். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை ஏற்றிவிடும், விடியற்காலையில் அது மிகவும் இறங்கிக் கிடக்கும். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மதியம் ஏற்றத்தில் வந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போய், "ஆக்சிஜன் போதுமான அளவில் உள்ளது" என்று யாராவது எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கத் தெரிந்தவர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். ஏற்ற வற்றம் எத்தனை மணிக்கு என்று உன் தாத்தாவுக்கு விரல்நுனியில் தெரியும், அதை இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள். எந்தக் கல்லூரியிலும் அது கிடைக்காது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவை ஒருமுறை படி. தொழிற்சாலையின் கழிவுநீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி மாதிரி எடுக்கும்போது, தொழிற்சாலைக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்கிறது. இந்த முறை தவறினால் ஆய்வக முடிவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் வழக்கில் சான்றாக ஏற்கப்படாது. எத்தனையோ நல்ல எண்கள் இப்படிக் குப்பைக்குப் போகின்றன. நீ தனியாகப் போய்ப் பிடிக்கும் பாட்டிலுக்கு அந்த மதிப்பு கிடையாது என்பதும் உண்மை. ஆனால் அதிகாரி எந்த இடத்தில், எந்த நேரத்தில் வந்து எடுக்க வேண்டும் என்பதை உன் பாட்டில் சொல்லிவிடும். எண்ணெயிலும் அப்படித்தான். கச்சா எண்ணெயும் உலை எண்ணெயும் டீசலும் கண்ணுக்குக் கறுப்பாகவோ பிசுபிசுப்பாகவோ தெரியலாம். வாயு குரோமட்டோகிராஃபி என்ற கருவியில் செலுத்தினால் ஒவ்வொன்றும் தனக்கே உரிய கோட்டு வடிவத்தைக் காட்டும். தண்ணீரில் மிதந்ததையும் தொட்டியில் இருப்பதையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அங்கே எண்ணூரின் சார்பில் பேச வருகிறவர்களுக்குப் பின்னால், இந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த எண்ணூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இந்தத் தொழிலில் மேசையில் உட்கார்ந்தே எழுதப்படும் அறிக்கைகள் உண்டு. களத்துக்குப் போகாமல், போன வருஷத்து எண்ணைச் சற்றே மாற்றிப் போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன்னிடமும் கையெழுத்துக் கேட்பார்கள். எடுக்காத மாதிரிக்குக் கையெழுத்துப் போடாதே. அந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தனியார் கல்லூரியைப் பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றினால், சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்து மடிப்புத்தாளைப் படிக்காதே. ஆய்வகத்தைக் காட்டச் சொல். பி.ஓ.டி. இன்குபேட்டர் எங்கே என்று கேள். தண்ணீரில் உள்ள கழிவைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று அளக்கும் பெட்டி அது. இந்திய முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். கதவைத் திறந்து பார். உள்ளே தேதி எழுதிய கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக இருந்தால் அங்கே யாரோ உண்மையாகப் படிக்கிறார்கள். ஸ்விட்ச் அணைந்து, யாருடைய மதிய உணவுப் பையோ இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு. அரசுக் கல்லூரிக்கும் இதே சோதனையை வை. பியூரெட் குழாய்கள் ஒழுகினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு மாணவிக்கும் ஒன்று இருக்கிறதா என்று பார்.

கல்லூரி திறப்பதற்குள் உன் பம்புத் தண்ணீரைச் சோதித்துவிடு. கிண்டியில் இருக்கும் கிங் நிலையத்தில் குடிநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். போவதற்கு முன் விசாரித்துக்கொள். கிருமிச் சோதனைக்கு அவர்களிடமே கிருமி நீக்கிய புட்டியைக் கேட்டு வாங்கு. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதே. பம்பைச் சில நிமிடம் அடித்து, தேங்கியிருந்ததை வெளியேற்றிவிட்டு, புட்டியின் வாயில் விரல் படாமல் பிடி. மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு மூடி, ஐஸ் போட்ட பையில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடு. இரும்புக்கு வேறு புட்டி. நீண்ட நேரம் வைத்திருந்தால் இரும்பு பாட்டிலின் அடியிலேயே படிந்து, மேலே இருக்கும் தண்ணீர் நல்லதாகத் தெரியும், அதனால் அமிலம் சேர்க்க வேண்டும். அதையும் ஆய்வகத்திலேயே கேள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைத் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். முடிவுத்தாள் கைக்கு வந்ததும், பம்பு எந்த வகை என்பதையும் சேர்த்து எனக்கு எழுது.